காரீய ஜன்னலுக்கு ஏன் தொப்பை விழுகிறது?

மெல்போர்ன், சிட்னி புறநகர்களில் 1900-களின் தொடக்கத்தில் கட்டிய செங்கல் வீடுகளின் வாசலில் நின்றால் முதலில் கண்ணில் படுவது வண்ணக் கண்ணாடிதான். வராட்டா பூவோ, குக்கபரா பறவையோ அதில் இருக்கும். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: பல ஜன்னல்கள் தொப்பை போட்டிருக்கும்.

பழி கண்ணாடிமேல்தான் விழும். கண்ணாடி மெதுவாக வழியும் திரவம் என்பார்கள், சுத்தக் கட்டுக்கதை. குற்றவாளி, துண்டுகளைப் பிடித்திருக்கும் காரீயப் பட்டை.

வெட்டிப் பார்த்தால் அது படுத்த 'H' எழுத்து. இரு பள்ளங்களிலும் கண்ணாடி செருகியிருக்கும். சந்திப்புகளை மட்டும் பற்றவைத்து, இடுக்கில் ஆளிவிதை எண்ணெயும் சீமைச்சுண்ணாம்பும் பிசைந்த மக்கை அடைப்பார்கள். வெயிலில் 30 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் காரீயம் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும், கண்ணாடி 0.3-ஐக்கூடத் தொடாது. மரச்சட்டம் விலகாது. நீண்டது எங்கே போகும்? வெளியே பிதுங்கும்.

சரி, குளிர்ந்ததும் ஏன் திரும்புவதில்லை? காரீயம் உருகுவது 327 டிகிரியில், அதாவது 600 கெல்வின். அறை வெப்பமோ 300. பாதி வழி வந்துவிட்ட உலோகம், தன் எடைக்கே அணு அணுவாக நழுவும். இரும்பு இந்த நிலைக்கு வர, அடுப்பில் செக்கச்செவேலெனப் பழுக்க வேண்டும்.

அதனால்தான் பெரிய ஜன்னல்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து, செம்புக் கம்பியால் கட்டினார்கள். மக்கு காய்ந்து உதிர்ந்தால் ஜன்னல் கடகடக்கும். தொப்பை வேகமாக வளரும்.