தெருவில் ஒரு பாடசாலை – 7: ஒளிக்கத் தெரிந்த பிள்ளை

பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிடுவது எளிது; ஆயினும், எழுத்துக்கூட்டத் தெரியாமலே நான்கு வகுப்புகளைக் கடந்து ஐந்தாவதில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பையனைச் சற்றுச் சிரத்தையுடன் கவனிப்பவர்கள், தன் அறியாமையைப் பிறர் காணாமல் ஒளிக்கும் வித்தை அவனுக்குப் பூரணமாகக் கைவந்திருப்பதை அறிவார்கள். எல்லோரும் சேர்ந்து ஒப்பிக்கும்போது உதடு அசைப்பது, தன் முறை வருமுன் சாக்பீஸ் எடுத்துவர ஓடுவது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எழுத்துப் பிசகாமல் படம் வரைவதுபோல் வரைந்துவிடுவது ஆகிய இவை யாவும் வருஷக்கணக்கான பிரயாசையால் பெற்ற திறமைகள். அவமானத்துக்கு அஞ்சி எழுப்பிய இந்தக் கோட்டையை அவன் தானாகத் திறந்தாலன்றி எந்த உபாத்தியாயரும் உள்ளே போக முடியாது என்பதே இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

அந்தக் கோட்டை திறந்த ஓர் இடத்தைச் சொல்லுமுன் அதன் பின்னணி: கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. அதற்குச் சில தினங்கள் முன்னதாக, அக்டோபர் 27ஆம் தேதி, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், பள்ளி மூடலால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்வதற்கான 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் துவக்கிவைக்கப்பட்டது. முதலில் எடுத்துக்கொண்ட பன்னிரண்டு மாவட்டங்களில் மதுரையும் ஒன்று. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள், அந்தந்தத் தெருவிலேயே வசிக்கும் தன்னார்வலர் ஒருவர் சுமார் இருபது பேரைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பது அப்போதைய ஏற்பாடு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் 'அக்கா'.

செக்கானூரணியைத் தாண்டி உசிலம்பட்டிச் சாலையிலுள்ள ஓர் ஊரின் மந்தையில் அப்படியொரு வகுப்பைப் பார்த்தேன். பையன் ஒருவன் பாடப்புத்தகத்தை விரித்து, கணீரென்ற குரலில் தங்குதடையின்றி வாசித்துக்கொண்டிருந்தான். விரல் மட்டும் வாய்க்கு இரண்டு வரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. மனப்பாடம் என்பது அந்த அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் அவன், "அக்கா, தண்ணி தவிக்குது" என்று எழுந்தான். "போயிட்டு வாடா" என்றாளே தவிர, மற்றப் பிள்ளைகளின் பக்கம் திரும்பி ஒரு கண்ஜாடைகூடக் காட்டவில்லை. திரும்பிவந்தவனிடம் புத்தகத்தை நீட்டாமல், "உங்க வீட்டுல மாடு எத்தனை நிக்குது? என்னென்ன நெறம்?" என்று விசாரித்தாள். மாட்டைப் பற்றிக் கேட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளை வாய்மூடி நிற்குமா? செவலை, மயிலை, காரி என்று அவன் சொல்லச் சொல்லச் சிலேட்டில் எழுதி, எது செவலை, எது மயிலை என்று கேட்டாள். சற்று நேரம் உற்றுப் பார்த்தவன், இரண்டு சொற்களின் கடைசியிலும் ஒரே எழுத்து நிற்பதைத் தானே கண்டு விரலை வைத்தான். அன்றைய பாடம் அவ்வளவுதான். அவன் தோற்றதை அவள் கண்டாள். கண்டதை ஊரறியச் செய்யவில்லை. மறுநாள் அவன் வந்ததற்கு அதுவே காரணமென்று நான் நிச்சயமாக எண்ணுகிறேன்.

அந்தச் சீமையில் நம்பிக்கை என்பது சுலபமாகக் கிடைக்கும் பொருளன்று என்பதற்குச் சரித்திரமே சாட்சி. ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள கள்ளர் ஆண்களின் கைரேகையைப் பதிந்துகொண்டு, இரவானால் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன அரசாங்கம், 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடத்திய அதே அரசாங்கம், அந்தக் காலத்திலேயே கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் திறந்தது. தகப்பனிடம் ரேகை கேட்ட கை பிள்ளைக்குப் பலகை நீட்டும்போது தாய்மார் ஐயுற்றிருந்தால் அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அச்சட்டம் 1947இல் ஒழிந்தது. அந்தப் பள்ளிகளோ இன்றைக்கும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடந்துவருகின்றன. பல தலைமுறைகளைப் படிக்கவைத்தும் இருக்கின்றன. ஆயினும் சர்க்கார் ஆள் வேறு, நம் தெருப் பெண் வேறு என்ற பேதம் அங்கே மங்கிவிடவில்லை. மந்தையில் பாடம் சொல்பவள் இன்னார் மகள், இன்னார் மருமகள் என்று தெரிந்திருப்பது, எந்தச் சான்றிதழைக் காட்டிலும் அவளுக்குப் பலம்.

இதெல்லாம் வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று கருதுவோருக்காக ஒரு கணக்கு. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்ததில், பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள்ளாகவே கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டதையும், அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் விளைந்ததையும் கண்டார்கள். தெருப் பெண்கள் பெருவாரியாக இருந்து நடத்திய வகுப்புக்கு இது சாமான்யமான பலன் அன்று.

குறையும் உண்டு. ஆயிரம் ரூபாயை நம்பி யாரும் நெடுங்காலம் நிலைத்திருக்க இயலாது; கல்யாணமாகியோ, ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தோ அக்கா போய்விட்டால், புதிதாக வருகிறவளுக்குச் சிலேட்டும் வருகைக் கணக்குச் செயலியும் கைமாறுமே ஒழிய, எந்தப் பையன் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பான் என்ற ஞானம் கைமாறுவதில்லை. அவனும் பழைய வித்தையை மீண்டும் முதலிலிருந்து ஆடிக்காட்டிப் பரீட்சை பார்ப்பான். போகிறவள் வருகிறவளோடு பத்து நாளாவது சேர்ந்து உட்கார்ந்திருக்கும்படி விதி செய்வதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகிவிடாது. மாலையில் அக்காவிடம் வாயைத் திறந்த பையன் மறுநாள் காலையில் பள்ளி உபாத்தியாயர் முன்னால் மறுபடியும் ஊமையாகிவிடும் சங்கடத்தை அடுத்த வாரம் கவனிப்போம்.