முழங்கால் உயரத் தீ

நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தைப் பற்றிய விவாதத்தினால் நாடெங்கும் பெயர் தெரியவந்த பொட்டிப்புரத்தில், மாசி, பங்குனி மாதங்களில் இருட்டிய பிறகு மேற்கே நோக்கினால், போடி மேற்கு மலைச் சரிவில் செந்நிறக் கோடாக நெருப்பு ஊர்ந்து செல்வதைச் சில இரவுகளில் காணலாம். "மலை எரியுது" என்று சொல்லிவிட்டு ஊரார் தம் வேலையைப் பார்ப்பார்கள். அந்த அமைதிக்கு ஒரு நியாயமும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றின் மழைமறைவில் கிடக்கும் இச்சரிவுகளில் வளரும் வேங்கை, கடுக்காய், நெல்லி முதலிய விருட்சங்கள் தலைமுறை தலைமுறையாக அக்கினியோடு பழகியவை. கோடையில் இலையுதிர்த்து, தடித்த பட்டைக்குள் உயிரைப் பொத்தி வைத்திருந்து, தீ கடந்தபின் முதல் மழைக்கே துளிர்ப்பவை.

2018 மார்ச் 11 அன்று, போடிக்கு மேலே குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பாய்ந்த தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோன துயரத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும், காட்டுத்தீ என்றதும் அன்றைய ஓங்கிய ஜுவாலையே மனக்கண்ணில் நிற்பதனால், மரங்களுக்கு அதனினும் கொடிய வேறொரு தீயை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முகட்டுக்கு அப்பால் மதிகெட்டான் சோலையிலும், பள்ளத்தாக்கின் கிழக்கே மேகமலை உச்சியிலும் உள்ளவை போன்ற பசுமைமாறாக் காடுகளுக்குள் வறட்சிக் காலத்தில் புகக்கூடிய தீ அது. பெரும்பாலும் முழங்கால் உயரம்கூட எழாதது. மனிதன் நடக்கும் வேகத்துக்கும் நகராதது.

சாதாரண வருஷங்களில் அக்காடுகள் எரிவதில்லை. அடர்ந்த இலைக்கூரை வெயிலையும் காற்றையும் தடுத்துவிடுவதால், வாரக்கணக்கில் மழையில்லாவிடினும் தரைச் சருகில் ஈரம் நின்றுவிடும். ஆனால் 2016-இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62 சதவிகிதம் குறைந்ததே, அப்படிப்பட்ட அநாவிருஷ்டியின்போது, வேர் இழுக்கும் நீர் போதாமல் மரங்கள் இலையை உதிர்க்க, கூரை திறந்து வெயில் தரையைத் தொட, உதிர்ந்த சருகெல்லாம் எரிபொருளாகி விடுகிறது. பிறகு மேய்ச்சலுக்குப் புல் துளிர்க்கட்டும் என்று கீழே எவரோ வைத்த நெருப்போ, அணைக்காமல் போட்ட பீடித்துண்டோ போதும். நம் மலைகளில் காட்டுத்தீ அநேகமாக மனிதன் கையிலிருந்தே பிறக்கிறது.

இங்கே மரத்தின் பட்டையைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே காகித கனத்தில் ஜீவனுள்ள ஓர் ஏடு மரத்தைச் சுற்றி ஓடுகிறது. மரம் பருப்பது அதனால்தான். சுமார் 60 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் எட்டினால் அது மடியும். பட்டையின் கனம் இருமடங்கானால், அந்த உஷ்ணம் உள்ளே செல்ல ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். நெருப்பையே அறியாமல் வளர்ந்த மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் பட்டையோ சில மில்லிமீட்டரே கனமுடையது. சாம்பிராணித் தணல்போல் நிதானமாகக் கனியும் தீ, சருகு சேர்ந்து கிடக்கும் பலகைவேர்களின் சந்துகளில் நெடுநேரம் தங்கி, அந்த ஏட்டைச் சுற்றிலும் வேகவைத்துவிடுகிறது. உச்சியில் இலை பச்சையாகவே இருக்கும். பார்ப்பவர் மரம் பிழைத்ததென்றே நினைப்பார். பின்னர் அடிப்பட்டை வெடிக்கும், துளைவண்டுகள் குடைந்து மாவாய்க் கொட்டும், பூஞ்சணம் ஏறும்.

அமேசான் காடுகளில் 1997-98 எல் நினோ வறட்சித் தீக்குப்பின் ஜாஸ் பார்லோவும் கார்லோஸ் பெரஸும் உள்ளிட்ட குழுவினர் மரங்களைத் தொடர்ந்து கவனித்தபோது, முதலாண்டில் உயிரோடு நின்ற பெருமரங்கள் பல மூன்றாம் ஆண்டுக்குள் பட்டுப்போனதைக் கண்டனர். 2015-16 வறட்சியிலும் தீயிலும் தபஜோஸ் ஆற்றுப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 250 கோடி மரங்களும் கொடிகளும் மடிந்தன என்பது பிற்கால மதிப்பீடு. 1982-83 வறட்சியில் போர்னியோத் தீவின் கிழக்குக் காலிமந்தானில் ஏறத்தாழ 35 லட்சம் ஹெக்டேர் தீக்கிரையாயிற்று.

இங்கே பெருமரம் என்றால் வெடிப்பலாவையும் குங்கிலியத்தையும் நினைக்கவேண்டும். மேகமலையின் சிங்கவால் குரங்குக்கு வெடிப்பலாவின் பூவும் காயும் ஆகாரம். இருவாய்ச்சிப் பறவைக்கு முதிர்ந்த மரத்தின் பொந்தே பிரசவ அறை. அத்தகைய மரம் விழுந்த இடைவெளியில் வெயில் புகுந்து புல்லும் பெரணியும் மண்ட, விழுந்த கட்டையே விறகாகக் காத்திருக்க, அடுத்த வறட்சியில் வரும் இரண்டாம் தீ முதலாவதைவிடக் கடுமையாக எரிகிறது. முதல் தீயில் தப்பிய மரங்களும் இதில் தப்புவது அரிது.

ஆகவே சோலைத் தீயில், எரிந்த பரப்பை மட்டும் ஹெக்டேரில் குறித்துக்கொள்வது போதாது. அடி கருகிய ஒவ்வொரு பெருமரத்துக்கும் எண்ணிட்டு, எது நிற்கிறது, எது பட்டது என்று மூன்று ஆண்டுகளாவது பார்த்து எழுதவேண்டும். அதுவரை மறுதீ புகாதபடி சோலையின் விளிம்பில் தீத்தடுப்புக் கோடு வெட்டி, கீழ் ஊர்களின் இளைஞர்களையே கூலி கொடுத்துக் காவலுக்கு வைக்கவேண்டும். பருவமழை பொய்த்த வருஷத்தில் தை பிறக்கும்போதே இதைத் தொடங்கினால்தான் மாசிக்குள் முடியும்.