பிருகா: இசை நாடக மேடையின் குரல் வித்தை

ஐரோப்பிய இசை நாடகமாகிய ஓபராவில், ஒரே உயிரெழுத்தை நீட்டி அதன்மேல் பல சுரங்களைத் துரிதமாகவும் தெளிவாகவும் தொடுத்துப் பாடும் முறை ‘கொலரத்தூரா’ எனப்படும். 1791-இல் வியன்னாவில் அரங்கேறிய மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ என்னும் ஓபராவில், பகைவனைக் கொல்லுமாறு மகளை ஏவும் இரவின் அரசியின் சினம், சொல் நின்றுபோன இடத்தில் சுரங்களாகவே சீறுவது இம்முறையின் புகழ்பெற்ற சான்றாகும்.

தமிழிசையில் இதற்கு மிக நெருங்கியது பிருகா. சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடுவது கமகம் என்றால், சுரக்கூட்டங்களை அகாரத்தில் மின்னல் வேகத்தில் உதிர்ப்பது பிருகா. ஏலமலைச் சரிவின் அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூரை உள்ளடக்கிய பழைய மதுரைச் சீமையில் இவ்வித்தையைப் பாமரரிடம் கொண்டு சேர்த்தவை திருவிழாக்களில் விடிய விடிய நடந்த நாடகங்களே. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’ தினைப்புனம் காக்கும் குறமகளின் கதையாதலால், மலையடிவார மக்களுக்கு அது தங்கள் மண்ணின் கதையாகவே இருந்தது.

அம்மேடையின் ஒப்பற்ற குரல், செங்கோட்டையில் 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பாவினுடையது. ஆர்மோனியக் கட்டைகளைக் கொண்டு சுருதியை அளக்கும் வழக்கில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாட, அவரோ பெண்களுக்குரிய உயர்ந்த சுருதியில் பாடினார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை குரல் எட்ட அந்த உயரமே துணைநின்றது. தாளக்கட்டு இல்லாத விருத்தத்தில் நடிகர் மேல் ஷட்ஜத்தில் நின்று, மூச்சை அடக்கி, ஒரே வீச்சில் பிருகாக்களை உதிர்த்தபடி இறங்கும்போது, ஆர்மோனியக்காரரின் விரல்கள் அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். கிட்டப்பாவின் இணையாக நடித்த கே.பி.சுந்தராம்பாளும் அதே உச்சத்தில் நின்று விடையளிக்க வல்லவர்.

18-ஆம் நூற்றாண்டு ஓபராவில் பாடலின் முதற்பகுதி திரும்ப வரும்போது பாடகர் தம் கற்பனையால் அதற்கு அணி சேர்த்ததும், நம் நடிகர் ஒரே அடியை மேடைக்கு மேடை புதிய சங்கதிகளோடு வளர்த்ததும் ஒரே கலையுணர்வின் இரு வடிவங்களாகும். ஜி.என்.பாலசுப்பிரமணியம் (1910–1965) கச்சேரி மேடையில் பிருகாவுக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தார். ஆனால் அதே வித்தையைத் திறந்தவெளியில் இரவு முழுவதும் காட்டிய நாடகக் கலைஞருக்குச் செவ்வியல் பாடகர் என்ற பெயர் எளிதில் வாய்க்கவில்லை. வேகத்தைப் பாத்திரத்தின் உணர்ச்சிக்குப் பணிய வைத்த இக்கலைஞர்கள் ஓபரா பாடகருக்கு எவ்வகையிலும் குறைந்தவர் அல்லர். ஆகவே, இன்றும் வள்ளி திருமணம் நடத்தும் ஊர்த் திருவிழாக் குழுவினர், வேறு கேளிக்கைகளுக்காக விருத்தங்களைச் சுருக்காமல், அவற்றுக்குரிய நேரத்தை முழுமையாக அளிக்க வேண்டும்.