சுவரொட்டிக்கு முன் சம்மதக் கடிதம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்கள் எல்லோரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று தரம் பிரித்து விடப்படும் வண்டிகள் கிளம்பிய மாத்திரத்தில், அவற்றின் பின்னால் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அலறப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்வதும், ஒன்றிரண்டு சாலையோரத்தில் சாய்வதும், விழுந்தவனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுக் கூட்டம் மீண்டும் வண்டிகளைத் துரத்துவதும் நமக்குப் பழகிப்போயின. மாலையில் டீக்கடையில் மாட்டைப் பற்றிய பேச்சு தேய்ந்து பைக்கைப் பற்றிய பேச்சு வளர்ந்து, "மாட்டுக்கு நடத்துகிறோமே, பைக்குக்கு நடத்தினால் என்ன?" என்ற யோசனை பிறக்கிறது. யோசனையில் தவறில்லை, அதை நிறைவேற்றப் புறப்படும் முறையில்தான் தவறெல்லாம் இருக்கிறது.

இப்படிப்பட்ட யோசனையோடு ஓர் இளைஞர் என்னிடம் ஒரு ஃபைலைக் கொண்டுவந்தார். கீழராஜ வீதி அச்சகம் ஒன்றில் தயாரான சுவரொட்டி மாதிரி, கோப்பைகளுக்கான விலைப்பட்டியல், நன்கொடையாளர் பெயர்கள், நான்கு மாதங்களில் நான்கு போட்டிகள் என்று வகுத்த அட்டவணை எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. "பர்மிஷனும் வாங்கியாச்சு ஐயா" என்று கடைசித் தாளைக் காட்டினார். அது அவர்கள் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் நகல். அதன் மேல் விழுந்திருந்தது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை. பெற்றுக்கொண்டது வேறு, சம்மதித்தது வேறு என்பதை முத்திரை குத்தியவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. இதே கதையை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, 189-ஆம் பிரிவு தெளிவானது. பொது இடத்தில் மோட்டார் வாகனங்களுக்கிடையே பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதற்கு மாநில அரசின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். அது இல்லாமல் நடத்த இடங்கொடுப்பவரும் கலந்துகொள்பவரும் ஒருங்கே குற்றவாளிகள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் சொல்வது மாநில அரசு என்பதைக் கவனியுங்கள். இன்ஸ்பெக்டரின் வாய்மொழியோ, ஊராட்சித் தலைவரின் கடிதமோ, விழாக் கமிட்டியின் தீர்மானமோ மாநில அரசு ஆகாது.

"நாங்கள் ரோட்டில் நடத்தவில்லையே, கண்மாய்க்குள் நடத்துகிறோம்" என்று சிலர் சாமர்த்தியம் பேசுகிறார்கள். பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடம் எதுவும் சட்டத்தின் பார்வையில் பொது இடமே. புறம்போக்கும், வற்றிய கண்மாயின் உள்வாயும், கோயில் திடலும் உங்கள் சொந்தப் பட்டா நிலம் அல்ல.

அடுத்த ஆபத்து உங்கள் வண்டியின் இன்ஷூரன்ஸ் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. அந்த இளைஞரின் பாலிசியை வாங்கி, உபயோகத்திற்கான வரம்புகள் என்ற பகுதியை அவரையே படிக்கச் சொன்னேன். வாடகைக்கு விடுதல் முதலிய விலக்குகளோடு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கும் இந்தப் பாலிசி பொருந்தாது என்று எறும்பு எழுத்தில் இருந்ததை இரண்டுமுறை படித்துவிட்டு, "மூணு வருஷமா கட்டுறேன், இதைப் பார்த்ததே இல்லை" என்றார். பார்த்தவர் எத்தனை பேர்? பந்தய வண்டி மோதி ஒரு பாட்டியின் கால் முறிந்தால், இந்த விலக்கைக் காட்டிக் கம்பெனி வழக்காடுவதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கம்பெனி தப்பினால் நஷ்டஈடு வண்டிச் சொந்தக்காரரின் வீட்டையும் வயலையும் தேடிக்கொண்டு வரும்.

இதற்குப் பரிகாரமாக, "என் உயிருக்கு நானே பொறுப்பு" என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. மைனர் எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மேஜர் எழுதிக்கொடுத்தாலும், கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வரும் கிரிமினல் வழக்கை அந்தத் தாள் தடுக்காது. சிறுவன் சாலையில் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. பந்தயம் பார்க்க வரும் தாய்மார்களே, இதை இன்னொருமுறை படியுங்கள்.

சம்மதமெல்லாம் ஏழை எளியவர்களுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் வீதிக்களத்தில் பார்முலா 4 கார்ப் பந்தயம் நடந்தபோது, அதற்குப் பின்னால் தமிழக அரசே நின்றது. ஆயினும் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் களச் சான்றிதழ் இல்லாமல் வண்டி ஓடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. சான்றிதழ் தாமதமாகவே கெடுவை நீட்டிக்கக் கேட்டுப் பெற்றுத்தான் பந்தயத்தைத் தொடங்க முடிந்தது. சர்க்காரே ஒரு தாளுக்காகக் காத்திருந்த தேசத்தில், அறந்தாங்கிப் பக்கத்து இளைஞர் மன்றம் காத்திருக்கக்கூடாதா?

சரியான வழி எது? முதலில் உங்கள் குழுவைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஏழு உறுப்பினர் போதும். அடுத்து, இந்தியாவில் இந்த விளையாட்டை நிர்வகிக்கும் மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் சம்மேளனமாகிய எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யுடன் இணைப்புப் பெற்ற கிளப் ஒன்றின் துணையைத் தேடுங்கள். போட்டிக்கான பெர்மிட், அதன் தனி விதிமுறைகள், ஓட்டுநர்களின் போட்டி லைசென்ஸ், மருத்துவத் தகுதிச் சான்று, விபத்து இன்ஷூரன்ஸ் ஆகிய ஐந்தும் எழுத்தில் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் நுழைவுக் கட்டணம் வசூலிக்காதீர்கள்.

களத்தைத் தேர்ந்தெடுப்பது அதன் பிறகு. தேதி குறிப்பது அதற்கும் பிறகு. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த களம் 3.7 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர். புதிய கிளப்புக்கு, 125 முதல் 160 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு, சிறிய களமே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்: வேகம் மட்டுப்படும், மார்ஷல்கள் குறைவாகப் போதும், நமக்கு இருங்காட்டுக்கோட்டையைவிடக் கோவை பக்கம். நான்கு சுற்றுப் போட்டி என்று ஆசைப்படாமல் முதலாண்டில் இரண்டு நடத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துவிடுங்கள். களத்தாரின் வாடகைக் கடிதத்தில் ஆம்புலன்ஸ், டாக்டர், தீயணைப்பு, மார்ஷல் ஆகிய ஏற்பாடுகள் யார் பொறுப்பு என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், அது திரும்பும் வரையிலோ மாற்று வண்டி வரும் வரையிலோ அடுத்த பந்தயம் கிளம்பக்கூடாது. இதற்கு உடன்படாத அமைப்பாளரை நம்பாதீர்கள்.

களத்துக்குப் போய்விட்டால் அபாயமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் தேசியப் போட்டியின்போது இருங்காட்டுக்கோட்டையிலேயே பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். மீதிப் பந்தயங்கள் ரத்தாயின. விழுந்தவன் உருண்டு நிற்பதற்குக் காலியிடமும், கொடி காட்டும் மார்ஷல்களும், கைக்கெட்டும் தூரத்தில் வைத்தியரும் இருந்த இடத்திலேயே அப்படியென்றால், ஒருபுறம் புளியமரமும் மறுபுறம் பாலத்துக் கைப்பிடிச் சுவரும் நிற்கும் நம் ஊர்ச் சாலையின் கதியை யோசித்துப் பாருங்கள்.

இனி, சம்மதமில்லாத பந்தயத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு. முதலில் ஆஸ்பத்திரி: 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக்கூடாது. அடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகல். அதை இலவசமாகக் கேட்டுப் பெறுங்கள், 'நாளை வா' என்றால் நாளையும் போங்கள். நஷ்டஈட்டு மனுவை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்திற்குள் கொடுத்துவிடுங்கள். மோதியவன் ஓடி மறைந்து வண்டியே தெரியாமல் போனால், மரணத்துக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் பெற, கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ படிவம் 1 கொடுக்க வேண்டும். பந்தயத்துக்கு அனுமதி உண்டு என்று யாரேனும் சாதித்தால், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த அனுமதியின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவுக்கும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஃபைல் கொண்டுவந்த இளைஞர் எழுந்திருக்கும்போது, "அப்ப போஸ்டருக்குக் கொடுத்த அட்வான்ஸ்?" என்று கேட்டார். தம்பி, அதில் ஊர்ப் பெயரையும் தேதியையும் மட்டும் அடித்துவிட்டுப் பத்திரமாக வைத்திரு. சம்மதக் கடிதம் வந்த மறுநாள் அவற்றை நிரப்பிக்கொள்ளலாம் என்றேன்.