டென்னிஸ் பந்தயமும் குடும்பத்தின் உரிமைகளும்

ஆண்டுதோறும் ஜனவரி பிறந்ததும் ஆக்லாந்தின் ஸ்டான்லி வீதி மைதானத்தில் ஏ.எஸ்.பி. கிளாசிக் டென்னிஸ் போட்டி தொடங்கிவிடுகிறது. 1977-இல் நம் விஜய் அமிர்தராஜ் பட்டம் வென்றதும் ஆக்லாந்துப் போட்டியிலேதான். ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் குடியேறியிருக்கும் நம் தமிழர் அதைக் கண்டு களிப்பதில் குறை கூற ஒன்றுமில்லை. ஆயின், கைப்பேசி வழியே அந்த ஆட்டத்தின்மீது பணம் கட்டுவது முற்றிலும் வேறான வியவகாரம் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

சீட்டாடுபவனைச் சூதாடி என்று ஏசும் நம் சமூகம், வீரர்களின் பழைய வெற்றி தோல்விகள், சர்வ் விகிதம், தரையின் தன்மை ஆகியவற்றையெல்லாம் இரவு முழுவதும் ஆராய்ந்து பந்தயம் கட்டும் இளைஞனை ஏதோ வித்தை கற்பவனாகவே கருதுகிறது. அந்த ஆராய்ச்சி அளிக்கும் தைரியமே, என் அபிப்பிராயத்தில், எல்லாவற்றிலும் பெரிய அபாயம். அவன் படித்ததையெல்லாம் பந்தய நிறுவனமும் படித்துத்தான் விகிதத்தை நிர்ணயிக்கிறது. சரிசமமான இருவரின் ஆட்டத்தில் ஒவ்வொருவர் பேரிலும் 1.90 என்று விகிதம் (வென்றால் கட்டிய நூறு டாலருக்கு 190 டாலர்) இருக்குமாயின், நூறு டாலர் வீதம் பத்தொன்பது பந்தயங்கள் கட்டுபவன் பத்தில் வென்றால்தான் போட்ட 1,900 டாலர் அப்படியே திரும்பி வரும். ஒன்பதில் மட்டும் வென்றால் 190 டாலர் நஷ்டம்.

ஆட்டத்தின் இயல்பும் கணிப்பவனுக்குத் துணை நிற்பதில்லை. 2019 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் ஃபெடரர் 218 புள்ளிகளும் ஜோகோவிச் 204 புள்ளிகளும் எடுத்தனர். கோப்பையோ ஜோகோவிச்சுக்குப் போயிற்று. இதே ஆக்லாந்தில், 2023 ஜனவரியில், மழை காரணமாக உள்ளரங்குக்கு மாற்றப்பட்ட ஆட்டத்தில் முதல் செட்டை 6-0 என்று வென்றிருந்த எம்மா ராடுகானு, இரண்டாவது செட்டை இழந்த நிலையில் கணுக்கால் பிசகி விலகினார். 2025 இறுதியாட்டத்தில் முதல் செட்டை வென்ற நவோமி ஒசாகாவாலும் வயிற்றுத் தசை வலி காரணமாகத் தொடர முடியாது போயிற்று. இவ்வாறு ஆட்டம் பாதியில் நின்றால் பணம் என்னவாகும்? ஒரு செட் முடிந்திருந்தாலே முடிவு செல்லும் என்று சில நிறுவனங்களும், ஆட்டம் முழுமை பெறாவிடில் பந்தயம் ரத்து என்று வேறு சில நிறுவனங்களும் விதி வைத்திருக்கின்றன. வீரரின் சரித்திரத்தை மனப்பாடம் செய்தவர்களில் இந்த விதியைப் படித்தவர் எத்தனை பேர்?

நியூசிலாந்தில் விளையாட்டுப் பந்தயம் நடத்தச் சட்டம் அனுமதிக்கும் ஸ்தாபனம் 1951-இல் தோன்றிய டி.ஏ.பி. ஒன்றே. வெளிநாட்டு நிறுவனங்கள் இந்நாட்டவரிடம் இணையவழிப் பந்தயம் ஏற்பதை 2025 ஜூன் இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் தடை செய்துவிட்டது. அத்தகைய நிறுவனமொன்று பணத்தைக் கொடுக்க மறுத்தால், இங்கிருந்து அதனை வற்புறுத்திப் பெறுவதற்கு நடைமுறையில் வழியேதும் இல்லை. முடிவு முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்ட ஆட்டம் என்று கூறி வாட்ஸ்அப்பில் துப்பு விற்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலும் அது மோசடி, மெய்யாயிருப்பின் அது குற்றம். பந்தய லாபத்துக்காக ஆட்டத்தின் போக்கை வஞ்சகமாக மாற்றுவதற்கு குற்றவியல் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பரிகாரங்களைப் பற்றித்தான் நம்மவர் மிகக் குறைவாக அறிந்திருக்கின்றனர். கௌரவம் போய்விடுமோ என்ற அச்சத்தில் வாடகைப் பணம் கரைந்ததைக்கூட மூடி மறைக்கும் குடும்பங்களுக்காகவே இதனை எழுதுகிறேன். டி.ஏ.பி. கணக்கில் பணம் செலுத்துவதற்கு உச்சவரம்பு விதித்துக்கொள்ளலாம். கணக்கிலிருந்து தம்மைத் தாமே விலக்கிவைக்கும்படியும் கோரலாம். சூதாட்டச் செலவுகளை அட்டையிலேயே தடுத்துவைக்கும் வசதியைச் சில வங்கிகள் அளிக்கின்றன. 2003-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி இத்தொழில் நடத்துவோரிடமிருந்தே தீர்வை வசூலிக்கப்பட்டு, அதைக்கொண்டு ஆலோசனைச் சேவைகள் இலவசமாக நடத்தப்படுகின்றன. ஆகவே அங்கு செல்பவர் எவரிடமும் யாசகம் கேட்பவர் அல்லர். சுகாதாரச் சேவை பெறுவோருக்கான 1996-ஆம் ஆண்டு உரிமை விதிகளின்படி, தேவைப்படுமிடத்து, இயன்றவரை தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைப் பெறவும் உரிமையுண்டு. ஆங்கிலத்தில் தம் துயரத்தைச் சொல்ல இயலாத தாய்மார்கள் தமிழ் பேசுபவரைத் தயங்காமல் கேட்கலாம்.

பந்தயம் கட்டியவரே முதலில் வரவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கணவர் ஒப்புக்கொள்ளாவிடினும் மனைவியும், மகன் மறுத்தாலும் பெற்றோரும், தனியாகவே 0800 654 655 என்ற சூதாட்ட உதவி எண்ணையோ, ஆசியக் குடும்பங்களுக்கென இயங்கும் ஏஷியன் ஃபேமிலி சர்வீசஸின் 0800 862 342 என்ற எண்ணையோ கட்டணமின்றி அழைக்கலாம்.