பூமியின் உஷ்ணம் மிகுதலும் பயிர்த்தொழிலும்

மழை தவறுதலும் மிகுதலும் குடியானவர்களுக்குப் புதியனவல்ல. ஒரு வருஷம் ஏரி வறண்டுபோவதும், மற்றொரு வருஷம் கரை உடைந்து பயிர் மூழ்குவதும் இந்நாட்டில் நெடுங்காலமாய் நிகழ்ந்து வருவனவே. ஆதலின், பூமி முழுவதும் உஷ்ணம் ஏறிவருகின்றதென்று கேள்வியுறுவோருள் சிலர், இது பழைய கஷ்டத்திற்கு இட்ட புதுப் பெயரென்று எண்ணுதல் கூடும். அவ்வாறன்று என்பதும், அதனால் பயிர்த்தொழிலுக்கு நேர்வது யாதென்பதும் இங்கே சுருக்கமாக விளக்கப்படும்.

நாள் வேறு, நெடுங்காலம் வேறு

ஒரு நாளின் வெயிலும் மழையும் வானிலை எனப்படும். பல பத்தாண்டுகளின் சராசரியே சீதோஷ்ண நிலையாகும். ஒரு போகத்தின் மகசூலைக்கொண்டு நிலத்தின் தரத்தை மதிப்பிடுதல் எவ்வாறு தகாதோ, அவ்வாறே ஒரு கோடையைக்கொண்டு சீதோஷ்ண நிலையை முடிவுசெய்தலும் தகாது. சென்னை வடபழனிக்குச் சுமார் 3 மைல் தொலைவிலுள்ள நுங்கம்பாக்கத்தில் 1792-ம் வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினர். 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. 2003-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி அவ்விடத்தில் உஷ்ணம் 45 டிகிரி சென்டிகிரேடை எட்டியது. அந்த ஒரு நாள் மட்டும் எதனையும் நிரூபிக்காது. ஆனால், உலகின் பல பாகங்களிலும் எழுதப்பட்ட நெடுங்காலக் குறிப்புகளை ஒருங்கே ஒப்பிட்டபோது, 1850 முதல் 1900 வரையிலிருந்த சராசரியினும் 2011 முதல் 2020 வரையிலான சராசரி ஏறக்குறைய 1.1 டிகிரி மிகுந்திருப்பது உறுதியாயிற்று.

காரணம்

சூரிய வெப்பத்தை ஏற்ற நிலமும் நீரும் அதனை மீண்டும் ஆகாயத்தை நோக்கி வெளியிடுகின்றன. காற்றிலுள்ள நீராவி, கரியமில வாயு, மீதேன் முதலியன அவ்வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்திக் கம்பளிபோற் காக்கின்றன. இக்கம்பளி இல்லையேல் பூமி இப்போதுள்ளதினும் சுமார் 33 டிகிரி குளிர்ந்து, பயிர் விளையாத பாழாகிவிடும். கேடு விளைவது கம்பளி தடித்துப்போவதாலேயே. யந்திரத் தொழில்கள் பெருகுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதாலும் காடுகள் அழிக்கப்படுவதாலும் இப்போது 420 பங்கிற்கு மேற்பட்டுவிட்டது.

இது நேற்றுக் கண்ட கொள்கையுமன்று. சுவீடன் தேசத்து அர்ரேனியஸ் என்பார் 1896-ம் வருஷத்திலேயே கரியமில வாயு பெருகினால் உஷ்ணம் ஏறுமென்று கணக்கிட்டுக் காட்டினார். குளிர்சாதனங்களிற் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்களும் அவ்வாறே வெப்பத்தைப் பிடித்துவைக்குமென்று 1975-ல் வெளிப்படுத்தியவர், தமிழ்நாட்டிற் பிறந்த விஞ்ஞானியாகிய வீரபத்ரன் ராமநாதன் ஆவார்.

மழையும் பயிரும்

காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால், அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்குச் சுமார் 7 பங்கு மிகும். ஆகவே, பெய்யும்போது மழை கொட்டித் தீர்ப்பதற்கும், பெய்யாத இடைக்காலத்தில் நிலத்தின் ஈரம் விரைவில் உலர்ந்துபோவதற்கும் இடமுண்டாகிறது. நெற்பயிர் பூக்குந் தருணத்தில் உஷ்ணம் 35 டிகிரிக்கு மேற்படின் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். கடல் மட்டமும் உயர்ந்துவருதலால் கரையோர நிலங்களில் உவர் ஏறும் அபாயமும் உளது.

வடபழனிப் பக்கம் காட்டும் பாடம்

எல்லாத் துன்பத்தையும் புவியின் உஷ்ணத்தின்மேற் சுமத்துதலும் தவறாகும். 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் பெருமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு, அடையாற்று வெள்ளம் வடபழனிக்குத் தெற்கேயுள்ள ஜாபர்கான்பேட்டை முதலிய பாகங்களை மூழ்கடித்தது. அம்மழையை ஆராய்ந்த விஞ்ஞானிகளுக்குப் புவி வெப்பத்தின் பங்கு தெளிவாகப் புலப்படவில்லை. பசிபிக் சமுத்திரத்தின் நீர் வழக்கத்தினும் சூடேறும் எல் நினோ நிலை அவ்வருஷம் வலுத்திருந்தது. ஆயினும், நீர் தங்குதற்குரிய இடங்களை மனிதர் முன்னரே இழந்திருந்தனர் என்பது தெளிவு. மாம்பலத்து நெடிய ஏரி 1920-களில் வற்றடிக்கப்பட்டுத் தியாகராய நகரமாயிற்று; விருகம்பாக்கத்து ஏரியும் வீடுகளாயிற்று. அடுத்த நான்காம் ஆண்டாகிய 2019-ல் பட்டணத்திற்கு நீரளிக்கும் பெரிய ஏரிகள் வறண்டு, ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மிகுந்த நீரைத் தேக்க இடமில்லாத ஊருக்கு வெள்ளமும் வறட்சியும் இரண்டுமே பகையாகும் என்பதே இதனால் விளங்குவது.

குடியானவர்கள் செய்யத்தக்கவை

நிலக்கரிப் புகையைக் குறைத்தல் அரசாங்கங்களின் பொறுப்பு. கிராமத்தார் கையிலுள்ளவை கீழ்வருவன:

1. ஓயாது நீர் நிற்கும் நெல்வயலின் சேற்றிலிருந்து மீதேன் வாயு எழுகின்றது. துளையிட்ட குழாயொன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சினால், இவ்வாயு பாதியளவு வரை குறைவதோடு தண்ணீரும் மிச்சமாகும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறையாதிருத்தல் அவசியம்.

2. வெள்ளம் தேங்கும் தாழ்ந்த நிலங்களுக்கு, சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் சி.ஆர். 1009 சப் 1 போன்ற நெல் ரகங்களைத் தெரிந்துகொள்ளலாம்.

3. வைக்கோலையும் தாளையும் எரிக்காது மக்கச்செய்து எருவாக இட்டால், மண் ஈரத்தை நெடிது காக்கும்.

4. ஏரி, குளம், வரத்துக் கால்வாய்களை மழைக்கு முன் தூர்வாரி, அவற்றின் எல்லையில் பிறர் புகாவண்ணம் காத்தல் வேண்டும்.

இவற்றுள் நான்காவதே தலையாயது. வடபழனியைச் சூழ்ந்த பாகத்தில் மறைந்த ஏரிகளை மீண்டும் தோண்டுதல் இனி அரிது. மற்றக் கிராமங்களில் ஏரிகள் இன்னும் நிலைத்திருக்கின்றன. அவற்றைக் காத்தற்குக் காலம் கடந்துவிடவில்லை.