குடல் சுவரில் ஓர் அழைப்பு மணி

அறிவியல் கட்டுரையில் ‘ஏற்பி’ என்று எழுதிவிடுகிறார்கள் நம்ம மாணவர்கள். அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். வடிவேல் கணபதி என்ற ஆய்வாளரின் பணியைக் காட்டினால் சட்டென்று புரியும்.

கெடா தோட்டத்து வீடுகளில் வேலியோரம் நிற்கும் முருங்கையிலிருந்தே தொடங்கலாம். கீரையின் நார்ச்சத்தை நம் உடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள்தான் அதை நொதிக்கவைத்து, பியூட்டிரேட் என்ற பொருளை உண்டாக்குகின்றன. குடல் சுவரின் உயிரணுக்களில் ஜிபிஆர்109ஏ என்றோர் ஏற்பி உண்டு. அதை வாசலில் இருக்கும் அழைப்பு மணின்னு வெச்சுக்கோங்க. பியூட்டிரேட் வந்து அழுத்தினால், ‘அழற்சியை அடக்கு’ என்ற செய்தி உள்ளே போகும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் கணபதியும் முத்துசாமி தங்கராஜுவும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோயில் இந்த ஏற்பி ஒடுக்கப்பட்டிருப்பதை அதில் கண்டார்கள். மணியையே கழற்றிவிட்ட மாதிரி! நாகேந்திர சிங்குடன் செய்த 2014 ஆய்வில், இந்த ஏற்பி இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சியும் புற்றுநோயும் எளிதில் வந்தன.

அழற்சி எல்லாமே கெட்டதில்லை. காயம் ஆற அதுவும் வேணும். ஓயாமல் நீடிக்கிற அழற்சிதான் சிக்கல்.

வைட்டமின் பி3 வகையான நயாசினும் இதே மணியை அழுத்தும். உடனே ‘பி3 மாத்திரை புற்றுநோயைக் குணப்படுத்தும்’ என்று எழுதிவிடுவார்கள், கவனம். ‘எலிகளில் நடத்திய ஆய்வில்’ என்று தொடங்கி எழுதச் சொல்லுங்கள்.